மேஜரின் பாதி

போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தது வாலுவின் தப்பே இல்லை. கல்லூரியில் வெளியூர் கூட்டிப் போகிறார்கள், மழைக்கோட்டு வேண்டும் என்றாள். தன்னுடைய பழைய ராணுவக் கோட்டு பெட்டியில் கிடக்கிறது என்று சொன்னவர் அப்பாவேதான். கோட்டை உருவினாள். கூடவே கம்பளிக் காலுறைகள் சுருட்டிக்கொண்டு வந்தன. அவற்றுக்குள் காலிப் புட்டிகள் இருந்தன.

"விட்டுட்டேன், விட்டுட்டேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே அப்பா!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் போனது.

அப்பா புட்டிகளைப் பார்த்தார். பிறகு கண் இமைக்கும் நேரம், அடுப்பருகே நின்றிருந்த மனைவியைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நான்தான்" என்றார்.

மனைவி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அங்கேதான் போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவரைத் தெருவில் பட்டாளத்தார் என்பார்கள். பாதி ஆயுளை ராணுவத்தில் கழித்துவிட்டுப் போன வருஷம்தான் வீடு திரும்பினார். மனைவிக்கு மேஜர் என்று பேர் வைத்தவர் அவர். "பட்டாளத்துலயும் மேஜருக்குக் கீழேதான் இருந்தேன், வீட்டுலயும் அதே கதிதான்" என்று சிரிப்பார். சும்மா வைத்த பேர் இல்லை. அவர் எல்லையில் இருந்த வருஷங்களில் வீடு மாறியது, ஒழுகுகிற கூரைக்கு ஆள் பிடித்தது, காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு கண் விழித்தது எல்லாம் அவள் ஒற்றை ஆள். அந்தக் குழந்தை அம்மாவின் பின்னாலேயே திரிந்து வாலு என்று பேர் வாங்கி, இப்போது கல்லூரிக்குப் போகிறது.

புட்டிகள் மேஜருடையவை. நமக்குள் ஒளிவு மறைவு எதற்கு, இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் திறக்காத இடம் என்று நினைத்து அங்கே வைத்தாள். அது புருஷன் பெட்டி, கண்டுபிடித்தால் புருஷன் தலையில்தான் விடியும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

மறுநாள் காலையில் வாலு ஒரே ஒரு தம்ளரில் தேநீர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. அவரே எழுந்து போய் அடுப்பில் மிச்சம் இருந்ததை ஊற்றிக்கொண்டார். ஆறிப் போயிருந்தது. சுடவைக்காமலே குடித்தார்.

"அம்மா, நீ ஏன் அவரை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிற? இப்படி வாயை மூடிட்டு இருந்து இருந்துதான் அவருக்குக் குளிர் விட்டுப் போச்சு" என்றாள் வாலு. அப்பா காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

"காலேஜுக்குக் கிளம்புடி."

"கிளம்பறேன். ஆனா எனக்கு வேற ஒரு வேலையும் இருக்கு." பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். என்ன வேலை என்று மேஜர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பட்டாளத்தார் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பெரிய நாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை கூடி வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி வந்த ராணுவத்தினருக்கான நல வாழ்வு நிலையத்தில், இவர் குடியை விட்டுவிட்டார் என்று, எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடும் நர்ஸம்மா எழுதித் தர வேண்டும். மதியத்துக்கு மேல் மனைவியோடு வரச் சொல்லியிருந்தார்கள். மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேன் போகும் தெருக்களைப் போன வாரமே நடந்து பார்த்து வைத்திருந்தார். எந்தத் திருப்பத்தில் மாடு படுத்திருக்கும், எந்த வீட்டுக் குழந்தை கேட்டைத் திறந்தால் நேரே ரோட்டுக்கு ஓடிவரும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நீங்க ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?" என்று மேஜர் மெல்லக் கேட்டாள்.

"எந்தப் பழி?" பிரஷ் நிற்கவில்லை. "அது வீட்டுக்குள்ள நடந்தது. அவ என் பொண்ணு, நாலு நாள் முறைப்பா, அப்புறம் சரியாயிடுவா. சிஸ்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுவேன், நான் தொடறதில்லைன்னு. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன? நீ கடைக்குக் கிளம்பு மேஜர். லேட்டாச்சு."

எவ்வளவு தெரியும், எத்தனை நாளாகத் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் நோகாமல் பார்த்துக்கொண்டே ஒரு பெரிய ஓட்டையை வளர்த்துவிட்டார்கள்.

அந்தக் கதை ஆரம்பித்தது இப்படித்தான். அவர் திரும்பி வந்த புதிதில் கட்டிலில் படுக்க மாட்டார். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுப்பார். தூக்கம் வராது. தூக்கத்துக்காக என்று ஆரம்பித்த கோப்பை, பிறகு சாயங்காலத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. மேஜர் கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் பின்கட்டுப் படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தானும் ஒரு தம்ளரை நீட்டினாள்.

"இனிமே நீங்க எவ்வளவு ஊத்தினாலும் அதுல பாதி எனக்கு."

அவர் சிரித்தார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாளும் நீட்டினாள். அவளுக்குப் பாதி கொடுக்க வேண்டுமே என்று மனசு கேட்காமல் அவர் குறைத்து ஊற்ற ஆரம்பித்தார். அவள் கணக்கு பலித்துவிட்டது! குறைந்து குறைந்து, ஒருநாள் அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டார். தெருவில், நிலையத்தில், எல்லாரும் மேஜரைக் கொண்டாடினார்கள். புருஷன் குடிக்கிற மற்றப் பெண்கள் ரகசியம் கேட்டு வந்தார்கள். அவளும் சமையல் பக்குவம் சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்தாள்.

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் படிக்கட்டில்தான் அவர் அவளோடு முதல் முதலாக மனம் விட்டுப் பேசினார். காவல் முறை மாற்றிக்கொண்டு தனக்குப் பதிலாகப் போய் நின்று, அப்புறம் திரும்பியே வராத கூடாரத்து நண்பனைப் பற்றிச் சொன்னார். அவள் தனியாகக் கழித்த வருஷங்களைப் பற்றிக் கேட்டார். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கோப்பையைக் கவிழ்த்த பிறகு அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. சாப்பிட்டதும் குழந்தை மாதிரி தூங்கிவிடுவார். படிக்கட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள். அந்த அரைமணி நேரத்தை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. தன் பாதியோடு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அந்தப் பாதிக்கு இன்னொரு பாதி தேவைப்பட்டது.

மேஜர் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்னால் கண்ணாடி விற்கும் பளபளப்பெல்லாம் முதலாளியுடையது. பின்னறையில் லென்ஸை அரைத்து, ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்துப் பொருத்திக் கொடுப்பது மேஜர். கடுகளவு ஸ்குரூவை இடுக்கியால் எடுத்துத் துளையில் நிறுத்தித் திருக வேண்டும். அந்தக் கைக்காகவே வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள்.

அன்றைக்கு அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஸ்குரூ இடுக்கியிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை தரைக்கே போய்விட்டது. கண்ணாடியில்லாமல் எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர், "மெதுவா பண்ணும்மா, எனக்கு எங்கேயும் போறதுக்கு வழி தெரியாது" என்று தமாஷ் பண்ணினார். மேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றி வியர்த்தது.

"சாப்பிடாம வந்துட்டேன், அதான்" என்று சொல்லிவிட்டு அலமாரி மறைவுக்குப் போனாள்.

கைப்பையில் ஒரு இருமல் மருந்துப் புட்டி இருந்தது. உள்ளே இருந்தது இருமல் மருந்து இல்லை. சாயங்காலம் மட்டும் என்றிருந்தது. அப்புறம் கடை விட்டதும் என்றானது. இந்த வாரம்தான் பகலில் பைக்குள் ஏறியிருந்தது. ஒரு மிடறு குடித்தாள். வாயைக் கழுவினாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

திரும்பி வந்து இடுக்கியை எடுத்தாள். கை ஆடாமல் நின்றது. ஸ்குரூ ஒரே தடவையில் துளைக்குள் போய் உட்கார்ந்தது. கை நடுங்கியபோது வராத பயம் அது நடுங்காமல் நின்றபோது வந்தது.

"ஆஹா, உன் கை கைதான்" என்று வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "முகமே சரியில்லையே. வீட்டுல மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா? உன் பொண்ணு பஸ் ஸ்டாப்புல என் பொண்ணுகிட்டச் சொல்லி அழுதாளாம்."

மேஜர் இடுக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"பாவம்மா நீ. அந்த மனுஷன் தங்கமானவர்னு நினைச்சேன். மதியத்தோட கிளம்பு, லீவு எழுத வேண்டாம்."

இரக்கம் என்று வந்தது எல்லாமே அவளுக்குத்தான் வந்தது. புட்டி வாங்கப் போன இடத்திலும், 'அவருக்கா? பார்த்துக்கோங்கம்மா' என்று கடைக்காரன் பரிதாபப்பட்டதுதான். இல்லை, எனக்கு என்று ஒருநாளும் அவள் வாய் சொன்னதில்லை. தெருத் தெருவாக நடந்து குழந்தைகள் ஓடிவரும் வீட்டைப் பார்த்து வைத்துவிட்டு வந்தவரின் பேர், அவள் ஒவ்வொரு தடவை சும்மா இருந்தபோதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, புட்டி உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று கை தன்னாலே தடவிப் பார்த்தது.

நிலையத்து நடையில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. சுவரில் கண் பரிசோதனை அட்டை, மூலையில் தண்ணீர்ப் பானை, டெட்டால் வாசனை. பட்டாளத்தார் ஏற்கனவே வந்து, விறைப்பாக, பூட்ஸ் பளபளக்க உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையனைப் போலச் சிரித்தார்.

"அக்கா!"

தோளைத் தொட்டவள் ஒரு சின்னப் பெண். அங்கே எல்லாரும் புதுப்பெண் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆகி வருஷம் திரும்பவில்லை. புருஷன் ஒரு கால் ஊனத்தோடு ராணுவத்திலிருந்து திரும்பியவன். மேஜரிடம் பக்குவம் கேட்டுப் போனவர்களில் அவளும் ஒருத்தி.

புதுப்பெண் அவளை ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். முகம் பூரித்தும் இருந்தது, வெளிறியும் இருந்தது.

"அக்கா, நான் உண்டாகியிருக்கேன். இப்பதான் சிஸ்டர் பார்த்து உறுதியாச் சொன்னாங்க."

"ரொம்ப சந்தோஷம்டி கண்ணு!" மேஜர் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"ஆனா ஒரு சந்தேகம் அக்கா. உங்களைத்தான் கேக்கணும்னு காத்துட்டிருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொன்ன மாதிரியே தினமும் செஞ்சேன். அவர் ஊத்தினதுல பாதியை நான் வாங்கிக் குடிச்சுடுவேன். அவருக்குக் குறைஞ்சுடுச்சு அக்கா, நிஜமாவே குறைஞ்சுடுச்சு. இனிமே நான் குடிக்கக் கூடாது இல்லையா? அப்போ என் பாதியை யார் குடிக்கிறது? நான் விட்டா முழுசையும் அவரே குடிச்சுடுவாரே?"

மேஜர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதைச் சிஸ்டர்கிட்டச் சொன்னியா?"

"இல்லைக்கா. நமக்குள்ள இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

உள்ளே இருந்து பட்டாளத்தாரைக் கூப்பிட்டார்கள். "இங்கேயே இரு. எங்கேயும் போயிடாதே" என்று மட்டும் அவளிடம் சொல்ல முடிந்தது.

சிஸ்டர் கனத்த உடம்புக்காரி. எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற ரகம். மேஜரைக் கண்டால் மட்டும் முகம் மலரும். இன்றைக்கு மலரவில்லை.

"உக்காருங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. காலையில உங்க பொண்ணு வந்திருந்தா."

பட்டாளத்தாரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"பெட்டியில புட்டி கிடந்ததாம். 'அப்பாவைக் காட்டிக் கொடுக்க எனக்கும் ஆசையில்லை சிஸ்டர், ஆனா சின்னக் குழந்தைங்க ஏறுற வண்டி'ன்னு சொல்லி அழுதுட்டா. இப்போ நீங்க சொல்லுங்க. அது உங்களோடதா?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களோடது இல்லைன்னா, அந்த வீட்டுல வேற யாரோடது?"

உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று காலையில் சொன்னவர்தான். அப்போது உண்மைக்குள் மனைவியின் பேர் இல்லை. அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். மேஜரை மட்டும் பார்க்கவில்லை.

"என்னோடதுதான் சிஸ்டர்."

"எப்போலேர்ந்து மறுபடியும்?"

"விடவே இல்லை."

"எவ்வளவு?"

"நிறைய" என்றார், அணிவகுப்பில் பதில் சொல்கிற குரலில். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், இரண்டு மடங்காகச் சொன்னார்.

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தாள். "வேன் வேலைக்கு நான் எழுதித் தர முடியாது. புரியுதா?"

"புரியுது."

அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் தோள்கள் லேசாக இறங்கின. ஆசைப்பட்டது போய்விட்டதே என்ற வருத்தம் அவர் முகத்தில் இருக்கும் என்று மேஜர் பார்த்தாள். இருந்தது நிம்மதி. அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நிம்மதி. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அவர் பொய் சொல்றார் சிஸ்டர். அது என்னோடது."

சிஸ்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். மேஜையைத் தாண்டிக் கையை நீட்டி அவள் கைமேல் வைத்தாள். "அந்த நாற்காலியில உக்காந்து இதைச் சொல்லாத பொண்டாட்டி கிடையாதும்மா. புட்டி என்னோடதுன்னு ஒருத்தி, மாமனாரோடதுன்னு ஒருத்தி. நீயுமா? எத்தனை பேருக்கு தைரியம் சொன்னவ நீ!"

"இல்லை சிஸ்டர், நிஜமாவே..."

"அவ என்னைக் காப்பாத்தப் பாக்குறா" என்றார் பட்டாளத்தார் அவசரமாக. "விடுங்க சிஸ்டர். வேலை இல்லைன்னா பரவாயில்லை."

இத்தனை நாள் அவள் உண்மையைச் சொல்லாமல் இருந்தாள். இன்றைக்குச் சொன்னாள், நம்ப ஆளில்லை. தான் சேர்த்து வைத்த நல்ல பேரே வாயை அடைத்தது. மேஜருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கைப்பையைத் திறந்தாள். இருமல் மருந்துப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடையில் குடித்தது இறங்கிப் போய்விட்டது போலிருக்கிறது, மேஜைமேல் வைக்கும்போது புட்டி கடகடவென்று ஆடியது.

"மோந்து பாருங்க."

சிஸ்டர் மூடியைத் திருகினாள். முகர்ந்தாள். திரும்ப மூடினாள்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு பாருங்க. அது காலையில கடையில குடிச்சது. அது இல்லைன்னா என்னால ஒரு ஸ்குரூவை எடுத்து நிறுத்த முடியலை சிஸ்டர். பெட்டியில இருந்ததும் நான் வெச்சதுதான். இவர் தொட்டு மாசக்கணக்காச்சு. நான்தான் கூட உக்காந்து பாதி வாங்கிக் குடிச்சேன், இவருக்குக் குறையட்டும்னு. இவர் எழுந்து போயிட்டார். நான் அங்கேயே உக்காந்துட்டேன்."

பட்டாளத்தாரின் கண்கள் கலங்கிவிட்டன. "எனக்குன்னு வந்ததுல பாதியை அவ வாங்கிக்கிட்டா சிஸ்டர். எனக்காகத்தான் முதல்ல தம்ளரை நீட்டினா. அவளைப் போய் நான் எப்படி...? கொஞ்ச நாள்ல தானா விட்டுடுவான்னு பார்த்தேன். எனக்கு விடத் தெரிஞ்சுதே, அவளுக்குத் தெரியாதான்னு நினைச்சேன்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்டது சிஸ்டர் இல்லை, மேஜர்.

"படிக்கட்டுல நீ தனியா உக்காந்த மறுநாள்லேர்ந்து" என்றார். "வந்து பக்கத்துல உக்காரணும்னு தோணும். உக்காந்தா மறுபடி நானும் எடுத்துடுவேனோன்னு பயம். கண்ணை மூடிப் படுத்துட்டேன். எனக்கு அவ்வளவு சீக்கிரம் எந்தத் தூக்கமும் வரலை மேஜர்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை மாதிரி தூங்குகிறார் என்று நினைத்திருந்தாளே!

சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் குரலுக்குத் திரும்பினாள். "நீங்க அவளைக் காப்பாத்தலை பட்டாளத்தாரே, மூடி வெச்சீங்க. நானும் குருடிதான். இவரைக் கேட்ட கேள்வியில ஒண்ணையாவது உன்னைக் கேட்டேனா? பட்டாளத்துலேர்ந்து வந்தவரையே பார்த்துட்டு இருந்தேன், கூட இருந்தவளைப் பார்க்கலை."

"இன்னைக்கே விட்டுடறேன் சிஸ்டர். சத்தியமா."

"அந்த வீராப்பு வேண்டாம். கை இப்படி நடுங்குற அளவுக்கு வந்தப்புறம் ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து. இப்பவே டாக்டரைப் பார்க்கிறோம். அவர் சொல்ற மாதிரிதான் விடணும், ஒருவேளை இங்கேயே கொஞ்ச நாள் படுக்கச் சொல்லுவார். தனியா இருக்கக் கூடாது."

"இருக்க விடமாட்டேன்" என்றார் அவர்.

"உங்க வேன் விஷயம் அப்புறம். என் முன்னாடி உக்காந்து பொய் சொன்னவருக்கு இன்னைக்கே நான் எழுதித் தர மாட்டேன். பள்ளிக்கூடம் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாது."

மேஜர் எழுந்தாள். கதவருகே போய் நின்று திரும்பினாள். "சிஸ்டர், ஜன்னல்கிட்ட ஒரு பொண்ணு நிக்குறா. டாக்டருக்கு முன்னாடி அவளைக் கூப்பிடுங்க. அவளுக்கு இந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தவ நான்தான்."

சிஸ்டருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக எழுந்து போய், இவர்களை நடையில் இருக்கச் சொல்லிவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டாள்.

புதுப்பெண்ணின் அழுகை நடைவரை கேட்டது. "இப்பவே தெரிஞ்சுதே, அது நல்லது. பயப்படாதே. உன் உடம்புக்கு இன்னும் பழகலை, இனிமே ஒரு சொட்டு வேண்டாம். உன் புருஷன் பாடு உன் பாடு இல்லை, என் பாடு. நாளைக்கே அவனைக் கூட்டிட்டு வா" என்று சிஸ்டர் சொல்வதும் கேட்டது. மேஜர் உள்ளே போகத் துணியவில்லை. வெளியே வந்தபோது அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. மேஜருக்கு அது சரி என்றுதான் பட்டது.

டாக்டர் வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், மரத்தடி சிமென்ட் பெஞ்சில் வாலு உட்கார்ந்திருந்தாள். காலேஜுக்கே போகவில்லை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அப்பாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவிடம் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சிஸ்டர்கிட்டச் சொன்னேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை." அப்புறம்தான் கவனித்தாள். "அம்மா, உன் கை ஏன் இப்படி நடுங்குது? உள்ள இவர் உன்னை என்ன பண்ணினார்?"

பட்டாளத்தார் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்லைம்மா, எல்லாம் நான்..."

"நீங்க பேசாதீங்க" என்றாள் மேஜர். அவருக்கு அந்தப் பேரை வைக்கத் தோன்றிய பழைய குரல் அது. அவர் பேசாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வாலு, நீ போய் அப்பா பக்கத்துல உக்காரு."

"எதுக்கு? நான் மாட்டேன்."

"நான் ஒண்ணு சொல்லப் போறேன். அதைக் கேட்டு முடிச்சதும் உனக்குச் சாஞ்சுக்க ஒரு தோள் வேணும்டி. இன்னைக்கு அது என்னோடதா இருக்க முடியாது."

வாலு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நடுங்குகிற கைகளைப் பார்த்தாள். பிடித்த பிடியை விடவில்லை, அந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை. பட்டாளத்தார் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, மகளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.